‘ரெண்டு நாள் கழித்து’ என்றால் பின்னால் எண்ணுகிறாள்!

செவ்வாய்ப்பேட்டை அம்மா:
என் மகள் இரண்டாம் வகுப்பு, ஆங்கில வழி. 13இல் 5 போனால் எட்டு என்று பட்டென்று சொல்வாள். அதையே, “உன்கிட்ட 13 மாம்பழம், தம்பிகிட்ட 5. அவனைவிட உனக்கு எத்தனை அதிகம்?” என்று கேட்டால் பதினெட்டு என்கிறாள். ‘அதிகம்’ காதில் விழுந்ததுமே கூட்டிவிடுகிறாள்.

போன வியாழக்கிழமை, “ரெண்டு நாள் கழித்து ஏற்காடு போகலாம் கண்ணு” என்றேன். விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, “அப்போ செவ்வாய்க்கிழமையே போயிட்டு வந்துட்டீங்களா? என்னை ஏன் விட்டுட்டுப் போனீங்க?” என்று ஒரே அழுகை. கழித்தல் என்றால் குறைப்பது என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

என் மாமியார் வேறு, “கூட்டுறதும் வெளக்கமாத்துலதான், பெருக்குறதும் வெளக்கமாத்துலதான், இதுல என்ன ரெண்டு கணக்கு?” என்று கேலி. யாராவது வழி சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டிக்காரன்:
பரீட்சை ஆங்கிலத்தில்தானே? மோர், லெஸ், டிஃபரன்ஸ் என்று மட்டும் பழக்குங்கள். தமிழில் சொல்லி எதற்குக் குழப்ப வேண்டும்?

ஏற்காட்டு டீச்சர் (ஓய்வு):
அஸ்தம்பட்டித் தம்பி, ஆங்கிலத்திலும் இதே கதைதான். 7க்கும் 3க்கும் என்ன டிஃபரன்ஸ் என்று கேட்டதற்கு, “இது நேரா இருக்கு, அது வளைஞ்சிருக்கு” என்ற பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அது தப்பும் இல்லையே!

அம்மணி, ‘கழித்து’க்கு உங்கள் சுவரிலேயே விடை தொங்குகிறது. தினமும் தாள் கிழிக்கிற காலண்டர் இருக்கிறதா? வியாழன் தாளையும் வெள்ளித் தாளையும் அவள் கையாலேயே தூக்கச் சொல்லுங்கள். கிழிக்க வேண்டாம், தூக்கினால் போதும். அடியில் சனி தெரியும். கழிவது தாள்தான், நாம் முன்னால் போகிறோம். குறைவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் சொல் தானே உட்கார்ந்துவிடும்.

‘அதிகம்’ கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். புளியங்கொட்டையை இரண்டு வரிசையாக வைக்கச் சொல்லுங்கள். மேலே 13, கீழே 5, ஒன்றுக்கு நேராக ஒன்று. ஜோடி கிடைக்காமல் நிற்கிற எட்டின் மேல் அவள் உள்ளங்கையை வைத்து, “தம்பியைவிட எனக்கு எட்டு அதிகம்” என்று முழு வாக்கியமாகச் சொல்ல வையுங்கள். உடனே புரட்டி, “என்னைவிடத் தம்பிக்கு எட்டு குறைவு.” வெறும் “எட்டு” என்று விடை சொன்னால் நான் விடவே மாட்டேன். 2022இல் அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபோது அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்துப் பாடம் நடத்தினார்கள். எந்த நிலையானாலும் பிள்ளை வாயைத் திறந்து சொன்னால்தான் வரும்.

ஏற்காடு வரும்போது பஸ்ஸில் தூங்கவிடாதீர்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. “இது எத்தனையாவது? தாண்டியது எத்தனை? மீதி எத்தனை?” ‘ஏழு’ வேறு, ‘ஏழாவது’ வேறு என்பது அங்கே புரிகிற மாதிரி எந்தப் புத்தகத்திலும் புரியாது. வாந்தி வருகிற பிள்ளை என்றால் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தட்டுவடை செட் கடைக்காரர்:
நான் படித்தது எட்டாவது. என் பையனுக்கு எத்தனை, எவ்வளவு இரண்டும் கடையில்தான் பிடிபட்டது. தட்டுவடை எத்தனை, சட்னி எவ்வளவு? எண்ணுகிறதுக்கு எத்தனை, அளக்கிறதுக்கு எவ்வளவு. ஒரு செட்டுக்கு இரண்டு தட்டுவடை, நடுவில் பீட்ரூட், கேரட் துருவல். “ஆறு செட்டு பார்சல், தட்டு எடுடா” என்பேன். முதலில் இரண்டிரண்டாக எண்ணி வைத்தான். இப்போது நேராகப் பன்னிரண்டை எடுக்கிறான். பெருக்கல் என்று நான் சொல்லவே இல்லை. உங்கள் மாமியாரிடம் சொல்லுங்கள், இங்கே வெளக்கமாறு கடை சாத்தும்போதுதான்!

செவ்வாய்ப்பேட்டை அம்மா:
டீச்சரம்மா, அண்ணா, இருவருக்கும் நன்றி. புளியங்கொட்டை நடந்துகொண்டிருக்கிறது. ‘அதிகம்’ வந்துவிட்டது, ‘குறைவு’ இன்னும் தடுமாறுகிறது. காலண்டர் விஷயம்தான் கொஞ்சம் கைமீறிப் போய்விட்டது. அடுத்த வாரம் பாட்டி ஊருக்குப் போகிறோம் என்றேன். “ஆறு நாள் கழிச்சாச்சு, கிளம்பலாம்” என்று கையில் ஆறு தாளோடு வந்து நிற்கிறாள். மாமனார் காலையிலிருந்து ராகுகாலம் பார்க்கத் தாளைத் தேடிக்கொண்டிருக்கிறார்.