ரால்ஃப் எலிசனின் இரண்டாவது நாவல் ஏன் முடியவில்லை?

கேள்வி: வெள்ளவத்தை வாசகர் வட்டத்தில் அமெரிக்க நாவலாசிரியர் எலிசன் பற்றி 20 நிமிடம் கதைக்க வேணும். 1952இல் முதல் நாவல், அடுத்த வருடமே அமெரிக்க தேசிய நூல் விருது. 1994இல் இறக்கும்வரை அடுத்த நாவல் வரவேயில்லை. 1967 தீவிபத்துதான் காரணமோ?

பதில்: தீயோடு முடிச்சுப் போடாதேங்கோ தம்பி. கையெழுத்துப்படியில் ஒரு பகுதி எரிந்தது உண்மை. பிறகும் 27 வருடம் எழுதினார். 2,000 பக்கத்துக்கு மேல் மிஞ்சியது. தனித்தனிக் காட்சிகள் அபாரம், அவற்றைக் கோக்கும் கதைத்தொடர்ச்சிதான் அமையவில்லை. 1980களில் கணினிக்கு மாறியதும் திருத்துவது இலகுவாகி, ஒரே காட்சிக்குப் பல வடிவங்கள் குவிந்தன.

பதில்: அண்ணை சொன்னது சரி. தீக்கு 2 நிமிடம் போதும். 1999இல் எலிசனின் இலக்கியப் பொறுப்பாளர் ஜான் கலஹன் அந்தக் கையெழுத்துப்படியைச் சுருக்கித் தொகுத்ததையும் 2010இல் வந்த பெருந்தொகுப்பையும் பக்கம்பக்கமாக வைத்துக் காட்டுங்கோ. எழுதாமல் இருந்தார் என்பது அநியாயம். 1964, 1986இல் கட்டுரைத் தொகுப்புகள் வந்தன.