நேரமில்லாதவர்களின் விண்வெளி: ஈவ் ஆன்லைனில் எனக்கு நேர்ந்த சந்திப்புகள்

வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு மாதத்தில் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் எப்படியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஜிஎஸ்டி தாக்கலுக்கான அந்த நாள்களை ஒட்டி வீடு வந்து சேரவே இரவு பத்தைத் தாண்டிவிடும். அதற்குப் பிறகு விரல் வேகத்தை நம்பி ஆடும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளைத் தொட மனம் வருவதில்லை. ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய, விண்கப்பல்களை ஓட்டும் இணைய விளையாட்டான ஈவ் ஆன்லைனில் நான் நிலைத்துவிட்டதற்கு இதுவே காரணம்.

இந்த விளையாட்டில் பைலட்டின் திறன்கள் நாம் ஆடுவதால் வளர்வதில்லை. கடிகாரம் ஓடுவதால் வளர்கின்றன. ஒவ்வொரு திறனுக்கும் ஐந்து நிலைகள் உண்டு. எளிய திறன் ஒன்றின் முதல் நிலைக்கு 250 புள்ளிகள் போதும். ஐந்தாம் நிலையை எட்ட மொத்தம் 2,56,000 புள்ளிகள் சேர வேண்டும். ஆகவே முதல் நிலை சில நிமிடங்களில் முடிந்துவிட, கடைசி நிலை மட்டும் நான்கைந்து நாள்களை விழுங்கும். வரிசையைப் போட்டுவிட்டுக் கணினியை அணைத்தாலும் பயிற்சி நிற்காது. நாள் முழுவதும் ஆடுபவருக்கும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலைகாட்டும் எனக்கும் இந்தக் கணக்கு ஒன்றுதான். சரியாகச் சொன்னால், ஒன்றாகத்தான் இருந்தது. 2016ஆம் ஆண்டு முதல் திறன் புள்ளிகளைப் பிரித்தெடுத்து விற்கவும் வாங்கவும் வழி வந்துவிட்டது. கையில் பணமிருப்பவர் இப்போது காத்திருக்க வேண்டியதில்லை. அந்த மாற்றத்தை நான் இன்றுவரை மனதார ஏற்றுக்கொள்ளவில்லை.

கோள்களில் கனிமம் எடுக்கும் வேலையும் என்னைப் போன்றவர்களுக்கென்றே அமைந்தது போலிருக்கும். எந்திரத்தின் ஓட்டத்தை ஒரு மணி நேரத்திலிருந்து 14 நாள்கள் வரை நம் வசதிப்படி அமைத்துக்கொள்ளலாம். ஓட்டம் நீள நீள விளைச்சல் மெலியும் என்பது உண்மைதான். இருந்தாலும் தாக்கல் நெருங்கும் வாரங்களில் நீண்ட ஓட்டத்தைப் போட்டுவிட்டு அந்தப் பக்கமே திரும்பாமல் இருக்க முடிகிறது. சந்தையில் வைக்கும் விற்பனை ஆர்டர்களும் 90 நாள்கள் வரை நிற்கும்.

எனக்கு வாய்த்த முதல் நல்ல சந்திப்பு, என் கப்பலை வெடிக்கச் செய்தவருடன் நிகழ்ந்தது. நம் நேரப்படி மாலை 4.30 மணிக்கு அன்றாடப் பராமரிப்புக்காகச் சர்வர் நின்று எழும். விண்கல் வளையங்களில் பாறைகள் மீண்டும் நிரம்புவது அப்போதுதான். அலுவலகம் முடிந்து நான் உள்ளே நுழையும் இரவு வேளை ஐரோப்பாவில் மாலை என்பதால், நெரிசலான இடங்களில் நல்ல பாறைகளை அதற்குள் மற்றவர்கள் சுரண்டி முடித்திருப்பார்கள். மிஞ்சியவற்றை ஒரு ரிட்ரீவர் கப்பலில் வெட்டிக்கொண்டிருந்தபோது கேட்டலிஸ்ட் கப்பல்கள் சில திடீரென்று அருகில் வந்து இறங்கின. பாதுகாப்பான பகுதியில் அத்துமீறிச் சுடுபவர்களைக் கான்கார்டு காவல்படை வந்து தவறாமல் அழித்துவிடும்; ஆனால் அது வந்து சேர எடுக்கும் சில வினாடிகளே அவர்களுக்குப் போதுமானவை. எல்லாம் முடிந்த பிறகு, சுட்டவர்களில் ஒருவர் தனி உரையாடலில் என்னை அழைத்தார். திட்டு வாங்கத் தயாராக வந்தவர் போலிருந்தது. நான் திட்டவில்லை, என் கப்பலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். ரிட்ரீவரின் சரக்கறை பெரிது என்றாலும் உடல் மெலிவு என்றும், சரக்கறை சிறிதானாலும் அடி தாங்கும் ப்ரொக்யூரருக்கு மாறினால் தம்மைப் போன்றவர்கள் செலவுக்கு அஞ்சி வேறு இரை தேடிப் போவார்கள் என்றும் பொறுமையாக விளக்கினார். விளக்கத்தின் நடுவில் குழந்தை எழுந்துவிட்டதாகச் சொல்லி விடைபெற்றார். கொள்ளைக்காரருக்கும் கிடைத்தது குழந்தை உறங்கும் நேரம் மட்டுந்தான் என்று அறிந்தபோது கோபம் போன இடம் தெரியவில்லை. மறுநாள் ப்ரொக்யூரர் வாங்கினேன்.

இன்னொரு சந்திப்பு, வார்ம்ஹோல் எனும் தற்காலிகத் துளை வழியாக மட்டும் போய்ச்சேரக்கூடிய ஒரு மண்டலத்தில் நிகழ்ந்தது. வாயு எடுப்பதற்காக வென்ச்சர் என்னும் சிறு கப்பலில் உள்ளே போயிருந்த நேரத்தில் எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. மறுநாள் திரும்பி வந்து பார்த்தால், நான் நுழைந்த வழி ஆயுள் முடிந்து மூடியிருந்தது. அங்கே அடுத்த மண்டலத்துக்குப் போகும் கதவுகள் கிடையாது; அருகில் யார் இருக்கிறார்கள் என்பதை லோக்கல் பட்டியலும் காட்டாது. வேறு வழியைத் தேடும் ஆய்வுக்கருவி என் கப்பலில் இல்லை. கப்பலைத் தானாக வெடிக்கச் செய்து குளோன் உடலில் விழித்துக்கொள்ளலாம்; பெரும்பாலோர் செய்வதும் அதுதான். நான் சிக்னல் கார்ட்டெல் என்ற ஆட்டக்காரர் அமைப்பின் மீட்புக் குழுவை அழைத்துப் பார்த்தேன். யாரையும் தாமாக முந்திச் சுடுவதில்லை என்ற கொள்கையுடன் வார்ம்ஹோல்களில் சிக்கியவர்களைத் தேடி மீட்பவர்கள் அவர்கள். ஜே என்ற எழுத்தோடு ஆறு இலக்கங்கள் கொண்ட மண்டலப் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, நிம்மதியாக லாக் அவுட் செய்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள் என்றார்கள். அப்படி ஒரு கட்டளையை வேறு எந்த விளையாட்டிலும் நான் கேட்டதில்லை.

சில நாள்கள் கழித்து, ஒருவர் அந்த மண்டலத்துக்குள் நுழைந்துவிட்டதாகவும் எனக்கு எப்போது நேரம் ஒழியும் என்றும் கேட்டு அஞ்சல் வந்திருந்தது. ஞாயிறு காலை என்று எழுதினேன். அமெரிக்காவில் இருந்த அவருக்கு அது சனிக்கிழமை இரவு. அதுவரை தம் கப்பலை அங்கேயே நிறுத்திவைத்திருந்தவர், நான் வந்ததும் அன்றைக்குத் திறந்திருந்த வழிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார். அந்த இடைவெளியில் நான் தோசை வார்த்து முடித்தேன். பிறகு என்னைத் தம் அணியில் சேர்த்து, தாம் நின்ற இடத்துக்கே நேராகப் பாய்ந்து வரச் சொன்னார். பழுப்பும் நீலமுமாகச் சுழன்ற ஒரு துளையைத் தாண்டி, எனக்கு முன்பின் தெரியாத ஒரு பகுதியில் வெளியே வந்தேன். நான் அனுப்பிய ஐஸ்க் பணத்தை அவர் வாங்க மறுத்துவிட்டார். சீனா நீங்கலாக உலகம் முழுவதற்கும் ஒரே சர்வர் என்பதால் பின்னரும் அவரை இரண்டொரு முறை கண்டு வணக்கம் சொல்ல முடிந்தது.

2014ஆம் ஆண்டு ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி மண்டலத்தில் ஏறத்தாழ 21 மணி நேரம் நீடித்து டைட்டன் எனும் மாபெரும் போர்க்கப்பல்கள் 75ஐ விழுங்கிய போரைப் பற்றிப் படித்துவிட்டு இங்கே வருபவர்கள் பலர். அத்தகைய போர்களில் நெரிசலைத் தாங்க சர்வர் நேரத்தையே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கிவிடும். ஒரு நிமிடச் சண்டையைப் பத்து நிமிடம் பார்த்திருக்க வேண்டும். விடுப்பு எடுத்து ஆட வேண்டிய சமாச்சாரம் அது, எனக்கு ஒத்துவராது. அரை மணி நேரம் மட்டும் கிடைக்கும் இரவுகளில் ப்ராஜெக்ட் டிஸ்கவரியைத் திறந்துகொள்வேன். 2016இல் மனிதச் செல்களின் படங்களை வகைப்படுத்துவதில் தொடங்கி, 2017இல் புறக்கோள்களைத் தேடுவதற்கும் 2020இல் கொரோனா ஆய்வுக்கான தரவுகளுக்கும் நகர்ந்த அறிவியல் பணி அது. எந்த வேலை அழைத்தாலும் பாதியில் மூடிவிட்டு எழுந்துபோகலாம்.

புதிதாக வர நினைப்பவர்கள் 2016 நவம்பரிலிருந்து கிடைக்கும் ஆல்ஃபா எனும் இலவசக் கணக்கிலேயே தொடங்கலாம். வென்ச்சரை ஓட்ட அது போதும், ரிட்ரீவர் போன்றவற்றுக்குத்தான் சந்தா தேவை. கார்ப் எனப்படும் ஆட்டக்காரர் குழு ஏதேனும் ஒன்றில் சேரும்போது, மாதத்தில் இத்தனை சண்டைக்கு வந்தாக வேண்டும் என்ற விதி இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். எங்கள் கார்ப்பில் அப்படி எதுவும் கிடையாது. 20ஆம் தேதி முடிந்துவிட்டதா என்று என்னிடம் விசாரிக்கும் அளவுக்கு ஜெர்மனிக்காரர் ஒருவருக்கு ஜிஎஸ்டி கெடு மனப்பாடமாகியிருக்கிறது.