1500 ஜி என்பது 1500 கிராம் அல்ல: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

புதன் காலை, சென்னையிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயப் படிப்புக்கான செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. நேற்று மெய்ப்புப் பார்க்கையில் வயிற்றைக் கலக்கிவிட்டது. "இரத்தக் குழாயை 1500 கிராமில் 15 நிமிடம் சுழற்றவும்" என்று இருக்கிறது. வேறு யாரும் செய்ததில்லை, நானே தட்டியதுதான். மூலத்தில் புவியீர்ப்பைக் குறிக்கும் ஜி என்ற ஒற்றை எழுத்தைப் பார்த்ததும் கை கிராமுக்குப் போய்விட்டது.

குழாய்களைச் சுழற்றி உள்ளே இருப்பதைப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜ் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது வேறு, அந்தச் சுற்றில் குழாய்க்குள் இருப்பது புவியீர்ப்பைப் போல் எத்தனை பங்கு இழுப்புக்கு ஆளாகிறது என்பது வேறு. இரண்டாவதற்குச் சொல் வேண்டும். பாடநூலில் மையவிலக்கு விசை இருக்கிறது. அதற்கு முன்னால், ஆங்கிலத்தின் "ரிலேட்டிவ்" என்பதற்கு, "சார்பு" போடவா, "ஒப்பு" போடவா? இவ்வளவுதான் கேள்வி.

புதன் மாலை, தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, சார்பா ஒப்பா என்பதைப் பிறகு பார்ப்போம். மையவிலக்கு என்பதே பிழை. விலகு தன்வினை, விலக்கு பிறவினை. மதுவிலக்கு என்றால் மதுவை விலக்குவது. மையவிலக்கு என்றால்? மையத்துக்குத் தடை போட்ட விசை என்றல்லவா ஆகிறது! 1659இல் ஹைகன்ஸ் இலத்தீனில் இதை எழுதியபோது எடுத்துக்கொண்ட வினை "ஃபுகெரே", அதாவது தப்பியோடுதல். ஓடுவது பொருள். மையம் யாரையும் விரட்டவில்லை. ஆகவே மையவிலகு விசை.

அதைவிட நல்ல சொல் நம் வீட்டிலேயே இருக்கிறது. தினைப்புனத்தில் கிளி கடிந்த பெண்கள் கையில் வைத்திருந்தது என்ன? கவண். கல்லை வைத்துச் சுழற்றும்போது கயிறு வெளியே இழுப்பதை உள்ளங்கையில் அறிந்தவர்கள் நம்மவர்கள். கவண்விசை. ஐந்தே எழுத்து. கவண், கவை, கவடு, கவட்டை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. விரிவாக நாளை எழுதுகிறேன்.

புதன் இரவு, கோயம்புத்தூரிலிருந்து ஆய்வக நுட்பர்:

ஐயா மன்னிக்கணும், நாளைக்கு வேண்டாம். கவட்டையில் ஓணான் அடித்து வளர்ந்தவன் நான். அது இழுத்து விடுவது, சுழலவே சுழலாது. "கவண்விசை 1500" என்று போட்டால் எங்க பசங்க குழாயைக் கயிற்றில் கட்டிச் சுற்றிவிடுவார்கள்.

அம்மா, முதலில் "இரத்தக் குழாய்" என்பதை மாற்றுங்கள். அது உடம்புக்குள் இருப்பது. இரத்த மாதிரிக் குழாய் என்று எழுதுங்கள்.

சொல் ஏன் தேவை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் இரண்டு மெஷின். சுவரில் மஞ்சளேறிய தாள்: "3000 ஆர்.பி.எம்., 15 நிமிடம்", அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று. பெரிய மெஷின் பழுதாகி மேசைமேல் இருந்த சின்னதுக்கு மாறினோம். அதே 3000, அதே 15 நிமிடம். உறைதல் சோதனைக்கு எடுத்த பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், அடியில் படிந்திருக்க வேண்டிய தட்டணுக்கள் தங்கிவிட்டன. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். முள் சரியாக 3000இல்தான் நிற்கிறது! கடைசியில் ஸ்கேலை எடுத்து, மெஷினில் குழாயைத் தாங்கும் வாளியைப் படுக்கவைத்து, நடுத்தண்டிலிருந்து குழாயின் அடிவரை அளந்தேன். பெரியதில் 15 செ.மீ., சின்னதில் 10.

ஜி கணக்கு இது: 0.00001118 × ஆரம் (செ.மீ.) × நிமிடச் சுற்றின் வர்க்கம். பெரியதில் 1509 வந்தது, சின்னதில் 1006தான். 1500 வேண்டுமானால் சின்னதை 3663இல் ஓட்டியிருக்க வேண்டும்.

வியாழன், திருநெல்வேலியிலிருந்து இயற்பியல் ஆசிரியர்:

சார்பு, ஒப்பு இரண்டும் இருக்கட்டும். எனக்கு "விசை"தான் உறுத்துகிறது. கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் கிடைப்பது முடுக்கம். அதைப் புவியீர்ப்பு முடுக்கமான 980.665ஆல் (செ.மீ./வினாடி²) வகுக்கிறோம், அலகு கழன்றுவிடுகிறது. கோவை நண்பர் சொன்ன 0.00001118 இந்த வகுத்தலில் பிறந்த எண்தான். மிஞ்சுவது விசையும் அல்ல, முடுக்கமும் அல்ல, வெறும் மடங்கு. அதையே சொல்லாக்குவோமே: ஈர்ப்பு மடங்கு. "1500 ஈர்ப்பு மடங்கில் 15 நிமிடம்." சுற்றை இரட்டித்தால் மடங்கு நான்காகும், ஆரத்தை இரட்டித்தால் இரண்டுதான் என்று கரும்பலகையில் எழுதவும் வசதி.

வியாழன், கோயம்புத்தூர்:

பிடித்திருக்கிறது. ஆனால் சுருக்கெழுத்து போடாதீர்கள். ஆய்வகச் சுவரில் "ஈ.ம. 1500" என்று ஒட்டினால் ஈமச்சடங்குக் கட்டணம் என்று நினைத்து நோயாளி எழுந்து ஓடுவார். அப்போது புலவர் ஐயாவின் மையவிலகு விசை நிரூபணமாகிவிடும்.

வெள்ளி, யாழ்ப்பாணத்திலிருந்து:

வெண்ணெய் திரள்கிற நேரத்தில் தாழியை உடைக்கிறான் என்று கோபிக்க வேண்டாம். நாங்கள் படித்தது மையநீக்க விசை. உங்கள் ஆரம் எங்களுக்கு ஆரை, உங்கள் ஒப்படர்த்தி எங்களுக்குச் சாரடர்த்தி. புலவர் ஐயாவின் கணக்கில் "நீக்கு"வும் பிறவினைதான், ஆகவே இரு கரையும் சேர்ந்தே பிழை செய்திருக்கிறோம், ஆறுதல். ஈர்ப்பு மடங்கு எங்களுக்கும் விளங்கும். பொறிக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள்?

வெள்ளி இரவு, தஞ்சாவூர்:

பொறிக்குக் கடைவி! தம்பி வெண்ணெய் என்றதும் பொறி தட்டியது. 1878இல் சுவீடனில் பொறியாளர் டி லாவால் பாலாடை பிரிக்கத்தானே இந்தப் பொறியை ஓட்டினார்? கடைதல் நம் சொல், மத்து நம் மத்து.

சனி, திருநெல்வேலி:

ஐயா, கடைவது வேறு, பிரிப்பது வேறு. மத்து கொழுப்புத் துளிகளை மோதவைத்து ஒட்டவைக்கிறது. டி லாவாலின் பொறி கனமான பாலை வெளியே தள்ளி, லேசான ஆடையை நடுவில் சேர்க்கிறது. மேலும் கடைவி என்றால் எங்கள் ஊரில் மிக்ஸி வாங்க வருவார்கள்.

ஞாயிறு இரவு, சென்னை:

அனைவருக்கும் நன்றி. கண் எரிகிறது, முடித்துக்கொள்கிறேன். அளவுக்கு "ஈர்ப்பு மடங்கு". முதல்முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் "ஜி". பொறிக்கு ஒருமுறை "மையவிலக்கி", பிறகு கையேடு முழுக்க சென்ட்ரிபியூஜ், மாணவர்கள் வாயில் வருவது அதுதான். யாழ்ப்பாணத்து அண்ணா, கலைச்சொல் பட்டியலில் மையநீக்க விசையையும் சேர்த்துவிட்டேன். ஒவ்வொரு மெஷினுக்கும் ஆரத்தை அளந்து மூடியில் ஒட்டிவைக்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தியும் போட்டிருக்கிறேன்.

ஞாயிறு இரவு, தஞ்சாவூர்:

கவணை விட்டுக்கொடுத்தேன். கடைவியையும் விட்டேன். "விலக்கி"யை ஏற்கவில்லை என்பதைப் பதிவு செய்க. அடுத்த பதிப்பு எப்போது, அம்மா?