தனியாக வாசிக்க ஜாஸ்: நாலு கம்பி பேஸுக்கு என்ன எடுக்கலாம்?

கேள்வி: எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரில் வாக்கிங் லைன் (தாளத்துக்கு ஒரு சுரமாக நடக்கிற அடிவரிசை) ஓரளவு வரும். கூட யாரும் இல்லாமல் வாசித்தாலும் முழுப் பாட்டாகக் கேட்கிற ஜாஸ் ஏதாவது கற்றுக்கொள்ள ஆசை. எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்: பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸின் 1976 ஆல்பத்தில் 'போர்ட்ரெய்ட் ஆஃப் ட்ரேசி' கேளுங்கள், பெரும்பாலும் ஹார்மோனிக்ஸிலேயே (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் மணி மாதிரி ஒலி) நடக்கிற தனி பேஸ். அதே ஆல்பத்தின் 'டோனா லீ'க்கு காங்கா டிரம் மட்டும்தான் துணை. இரண்டுமே அற்புதம், ஆனால் முதலில் எடுக்க வேண்டாம், கை நொந்து விட்டுவிடுவீர்கள்.

பதில்: எழுதிவைத்த நோட்ஸைத் தேடுவதைவிட 'ஆட்டம் லீவ்ஸ்' மாதிரி பிரபலமான ஜாஸ் பாட்டு ஒன்றை நீங்களே அமைக்கலாம். இ மைனரில் வாசித்தால் முதல் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ஏ மைனர் செவன், அதற்கு இ, டி, ஜி மூன்று கம்பிகளிலும் 5-ஆவது ஃப்ரெட் (கழுத்தில் விரல் அழுத்தும் கட்டம்). அடுத்த டி செவனுக்கு அடிக்குரல் ஏ கம்பியின் 5-க்குப் போகும், டி கம்பி 4-க்கு இறங்கும், ஜி கம்பி அசையவே அசையாது. இந்த நகர்வுதான் ஜாஸ் ஒலியே!

கேள்வி கேட்டவர்: சரி, அப்புறம் மெட்டு?

பதில்: ஜி கம்பியில், மேல் ஃப்ரெட்டுகளில். மெட்டு நீண்டு நிற்கிற இடத்தில் மட்டும் கார்டு போடுங்கள். கார்டை ரொம்பத் தாழ்ந்த சுரங்களில் பிடித்தால் சுரங்கள் கலங்கிவிடும்.