‘நல மகமை’: ஒரு சொல்லைத் தேடி

மாட்டுங்காவிலிருந்து

அன்புடையீர், வணக்கம்.

மும்பை தாராவியிலுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கென ஒரு சிறு நூல் எழுதிக்கொண்டிருக்கிறேன். சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு ஆகியவற்றை வருமுன் தடுப்பது எப்படி என்பது அதன் முற்பகுதி. அதற்கு வேண்டிய பணத்தை உலக நாடுகள் எவ்வழிகளில் திரட்டுகின்றன என்பது பிற்பகுதி. முற்பகுதியில் கலைச்சொல் தொல்லை அதிகமில்லை. ‘தொற்றா நோய்’ என்பதை, 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பேச்சு வழக்குக்கே கொண்டுவந்துவிட்டது. (அதையும் ‘நாட்பட்ட நோய்’ என்பதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன், காசநோய் நாட்பட்டது, தொற்றவும் செய்யும்.) தொல்லை முழுவதும் பிற்பகுதியில்தான்.

சென்ற வாரம், கலைச்சொற்களுக்கான இவ்விணைய இழையில், இப்படிப் புதுவழிகளில் பணம் திரட்டுவதற்கு (‘இன்னொவேட்டிவ் ஃபைனான்சிங்’) ‘புத்தாக்க நிதியளிப்பு’ என்ற சொல் முன்வைக்கப்பட்டது. தலைப்புக்கு அது போதும், உள்ளே போனால் உதவாது. தடுப்பூசிக்காகப் பல ஆண்டுகளுக்குத் தருவதாக நாடுகள் வாக்களித்த தொகையை நம்பி, 2006 நவம்பரில் 100 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில், பிரான்சு விமானச் சீட்டின் மேல் ஒரு சிறு தொகையைக் கூட்டி வாங்கத் தொடங்கியது. முன்னது நாளை வரப்போகும் பணத்தை இன்றே கடனாக எடுப்பது. பின்னது இன்று கைமாறும் பணத்தில் ஒரு கிள்ளு எடுப்பது. ஒன்றில் வட்டி உண்டு, மற்றதில் இல்லை. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டினால் படிப்பவருக்கு எதுவும் விளங்காது. பத்திரங்களை வேறோர் இழைக்கு விட்டுவிடுகிறேன். கிள்ளி எடுப்பதற்குத்தான் எனக்கு இப்போது சொல் வேண்டும்.

பிரான்சில் அவர்கள் ‘சாலிடாரிட்டி லெவி’ என்று சொல்வதன் அமைப்பு எளியது. தொடங்கியபோது, ஐரோப்பாவுக்குள் சாதாரண வகுப்பில் பறப்பவரிடம் 1 யூரோ. தொலைதூர விமானத்தின் உயர் வகுப்பில் பறப்பவரிடம் 40 யூரோ. சீட்டு விற்கும்போதே விமான நிறுவனம் பிடித்துக் கட்டிவிடும். அதில் பெரும் பங்கு யூனிட்எய்டு அமைப்பின் வழியாக எச்.ஐ.வி., காசநோய், மலேரியா மருந்துகளுக்குப் போனது. இதற்கு ‘ஒருமைப்பாட்டு வரி’ என்றார் ஒருவர், ‘தோழமைத் தீர்வை’ என்றார் மற்றொருவர். முன்னதைக் கேட்டால் தேசிய ஒருமைப்பாடு நினைவுக்கு வருகிறது. பின்னதைக் கேட்டால் கட்சி மேடை.

நான் முன்வைக்கும் சொல் ‘மகமை’. தென்பாண்டி வணிகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று பேட்டையிலேயே பிடித்து, கோயில், சத்திரம், பள்ளிக்கூடம் என்று முன்பே குறித்த காரியத்துக்கு மட்டும் செலவிடுவது மகமை. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889-இல் இத்தகைய பொதுப்பணத்தில் எழுந்தது. வீடுதோறும் எடுத்துவைத்த பிடி அரிசியும் அதற்குச் சேர்ந்தது. வழக்கமோ இன்னும் பழையது. 13-ஆம் நூற்றாண்டுப் பிரான்மலைக் கல்வெட்டில், வணிகக் குழுவினர் ஒன்றுகூடித் தம் சரக்குகளின் மேல் பொதிக்கு இவ்வளவு என்று கோயிலுக்கு விதித்துக்கொண்டதைக் காணலாம்.

மும்பையில் இருப்பவர்களுக்கு இன்னும் எளிது. மொத்தக் கடைச் சிட்டையின் அடியில் ‘தர்மாதா’ என்றொரு வரி இருப்பதை இங்குள்ள பழைய வணிகர்கள் அறிவார்கள். (வரி என்றது எழுத்து வரியை.) அவ்வாறு அறத்துக்கென்று பிடித்த பணம் வணிகரின் வருமானம் ஆகாது என்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. கையில் இருந்தாலும் தன்னுடையதன்று என்பதுதான் மகமையின் உயிர். ‘மேல்வரி’, ‘கூடுதல் வரி’ ஆகிய சொற்களில் அந்த உயிர் இல்லை.

தொண்ணூறடிச் சாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நெல்லைக்காரர் ஒருவரிடம் இப்பக்கத்தைப் படித்துக் காட்டினேன். ‘மேல்வரி’ என்றதும் முகம் சுளித்தார். ‘மகமை’ என்று மாற்றிப் படித்ததும், “அப்போ கணக்கை யார்கிட்ட கேக்கணும்?” என்றார். வேறெந்தச் சொல்லும் இக்கேள்வியை எழுப்பவில்லை.

ஆகவே நோய்த்தடுப்புக்கென வாங்கும் எதையும் ‘நல மகமை’ எனலாம் என்பது என் கருத்து: விமானச் சீட்டுக்கும் அதுவே, புகையிலை, மது, சர்க்கரைப் பானம் ஆகியவற்றுக்கும் அதுவே.

செம்பூரிலிருந்து

ஐயா, வணக்கம்.

வரிக் கணக்குகளோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்து ஓய்வு பெற்றவள் என்பதால் எழுதுகிறேன். ‘மகமை’ ஒரு சமூகத்தாரோடு ஒட்டி அறியப்படும் சொல் என்று சிலர் சொல்லக்கூடும். பொதுவழக்கில் புழங்கினால் அது தானே விலகிவிடும். மகமை விரும்பிக் கொடுப்பது, வரி கட்டாயம் என்பார்கள்; பேட்டையில் மகமை கொடுக்காமல் சரக்கு இறக்கியவர் யார் என்று அவர்களையே கேட்கலாம். என் மறுப்பு இவ்விரண்டும் அல்ல.

மகமை கொடுக்கும் கடை செழிக்க வேண்டும் என்றுதான் ஊர் வாழ்த்தும். கடை பெருகினால் மகமை பெருகும், பள்ளிக்கூடத்துக்கு இன்னொரு மாடி ஏறும். சிகரெட்டுக்கு அப்படி வாழ்த்த முடியுமா? பிலிப்பைன்ஸ் 2012-இல் சட்டமியற்றிப் புகையிலைக்கும் மதுவுக்கும் வரியை உயர்த்தியது. கூடுதலாக வந்ததில் பெரும்பகுதியை மக்களின் மருத்துவத்துக்கு ஒதுக்கியது உண்மைதான். ஆனால் அவ்வரியின் முதல் வேலை, விலையை ஏற்றி வாங்குபவர் கையைப் பின்னுக்கு இழுப்பது. அது முழுமையாக வென்றால் வசூல் வற்றிப்போக வேண்டும். மெக்சிகோ 2014 முதல் சர்க்கரைப் பானங்களுக்கு லிட்டருக்கு 1 பெசோ விதித்தது. அப்பணத்தைச் சட்டப்படி எந்த நலப்பணிக்கும் கட்டிவைக்கவில்லை, ஆயினும் வாங்குவது குறைந்தது. முன்பே குறித்த காரியம் என்பது உங்கள் இலக்கணமானால், அது மகமையே ஆகாது.

இன்னொன்று. மகமை கொடுத்தவருக்கு ஊரில் மரியாதை உண்டு. கோயில் சுவரில் பெயர் வெட்டுவார்கள். நாளை ஒரு சிகரெட் நிறுவனம், ‘நல மகமை தருவோர்’ என்று தன்னை விளம்பரம் செய்துகொள்ள நாமே சொல் எடுத்துக் கொடுத்தவர்களாவோம்.

புகையிலை, மது போன்றவற்றின் மேல் விதிப்பதை ஆங்கிலத்தில் ‘சின் டாக்ஸ்’ என்பார்கள்; ‘பாவ வரி’ என்ற அதன் நேர்மொழிபெயர்ப்பையும் நான் ஏற்கவில்லை. புகைப்பவரைப் பாவி என்று சொல்லிவிட்டு, மறுபக்கத்தில் பரிசோதனைக்கு வாருங்கள் என்று எப்படி அழைப்பீர்கள்? ‘தடுப்புத் தீர்வை’ என்று எண்ணினேன். அது ஏற்கெனவே, அயல்நாட்டுச் சரக்கு மிகக் குறைந்த விலைக்கு வந்து குவியாமல் தடுக்கும் ‘பொருள் குவிப்புத் தடுப்புத் தீர்வை’யில் மாட்டிக்கொண்டிருக்கிறது. ‘நலத் தீர்வை’ என்று கொள்ளலாம். தமிழ்நாட்டில் மதுவிலக்கும் ஆயத்தீர்வையும் ஒரே துறையின் பெயரில் இருப்பதால், விலக்க வேண்டியதன் மேல் விதிப்பது என்ற பொருள் ‘தீர்வை’க்குப் பொருந்தாமல் போகாது.

மீண்டும் மாட்டுங்காவிலிருந்து

அம்மா, வணக்கம்.

உங்கள் மறுப்பை ஏற்கிறேன். கொடுப்பவர் தொழில் வளர வேண்டுமா, தேய வேண்டுமா என்ற கேள்வியை நான் கேட்கத் தவறினேன். அதை வைத்து என் கையெழுத்துப் படியை முழுதும் திருப்பிப் பார்த்தேன். விமானச் சீட்டு ‘நல மகமை’. பிலிப்பைன்ஸ், மெக்சிகோ இரண்டும் ‘நலத் தீர்வை’. நம் நாட்டில் 2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம் ஆனதை ‘வரி’ என்று மட்டும் எழுதுகிறேன்.

ஓரிடத்தில் மட்டும் தயங்கினேன். என் பாட்டி நெல்லைப் பக்கத்து முக்கூடலில் பீடி சுற்றியவர். பீடியின் மேல் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு சிறு தொகை பிடித்து, அதைக்கொண்டு பீடித் தொழிலாளர்களுக்கு மருத்துவமனையும் பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் தந்தார்கள். முக்கூடலில் அப்படியொரு மருத்துவமனை உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தப் பிடித்தம் நின்றது. விதித்தது புகையிலைப் பொருளின் மேல்தான், ஆனால் பீடியைக் குறைப்பதற்காக அன்று. சுற்றும் கைகளைக் காப்பதற்காக. உங்கள் கேள்வியை இங்கே கேட்டால் விடை ‘மகமை’ என்று வருகிறது. எனவே பொருளைப் பார்த்துப் பெயரிடாமல், நோக்கத்தைப் பார்த்துப் பெயரிட வேண்டும் என்று சொற்பட்டியலில் ஒரு குறிப்புச் சேர்க்கிறேன்.

தாய்லாந்து மூன்றாவது வகை. 2001 முதல் அங்கே புகையிலை, மது ஆகியவற்றின் கலால் வரிக்கு மேல் 2 சதவீதம் கூட்டி வாங்கி, உடல்நல மேம்பாட்டுக்கான தனி நிதியத்துக்கு நேரே தருகிறார்கள். பொருளின் மேல் அன்று, வரியின் மேல் வரி. நம் ஊராட்சிக் கணக்கில் தலவரிக்கு மேல் தலமேல்வரி இருப்பதைப் போன்றது. மளிகைக் கடைக்காரர் முகம் சுளித்தாலும் இங்கே ‘நல மேல்வரி’ என்பதே சரி.

அவர் கேட்ட கேள்வியையும் விடவில்லை. ஒவ்வொரு நாட்டின் பத்திக்கும் கீழே, பணத்தை வைத்திருப்பவர் யார், கணக்குக் காட்டுவது யாரிடம் என்று ஒரு வரி வரும். தடுப்பூசிப் பத்திரங்களுக்கு இலங்கையில் வழங்கும் ‘முறி’ என்ற சொல்லை எடுத்தாளலாமா என்பதற்குத் தனி இழை தொடங்குகிறேன். யாழ்ப்பாண நண்பர்கள் அங்கே எழுத வேண்டும்.