கண்ணீரில் ரத்தம்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கயல்:
ஆப்டோமெட்ரி (கண் பரிசோதனைப் படிப்பு) படித்த காலத்துக் கதை. 1991ல் டென்மார்க்கில் ஒரு ஆய்வு வந்தது. நலமாக இருக்கும் 125 பேரின் கண்ணீரைச் சோதித்தார்கள், அதில் மாதவிலக்கு வரும் வயதுப் பெண்களில் 18 சதவீதம் பேருக்குக் கண்ணுக்குத் தெரியாத ரத்தம். ஹாஸ்டலில் நாங்களும் ஷர்மர் தாளில் (கண்ணீரை அளக்கக் கீழிமைக்குள் வைக்கும் தாள்) கண்ணீர் எடுத்து, சிறுநீரைச் சோதிக்கும் யூரின் ஸ்ட்ரிப்பில், ரத்தம் பட்டால் பச்சையாகும் கட்டத்தில் ஒற்றினோம். மற்ற எல்லாருக்கும் மஞ்சளாகவே இருந்தது. ஒரு ஜூனியருக்கு மட்டும் பொடிப்பொடியாகப் பச்சைப் புள்ளிகள். "அக்கா, எனக்கு இன்னும் தேதியே வரலையே?" என்றாள். அதற்குள் வார்டன் கதவைத் தட்ட, ஸ்ட்ரிப் குப்பைக்குப் போனது. அவள் அப்புறம் எங்கேயாவது காட்டினாளா, தெரியவில்லை.

லேப்_மணி:
கயல், அதே ஆய்வில் ஆண்களுக்கும் 8 சதவீதம். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மாதவிடாய் நின்றவர்களில் ஒருவருக்கும் இல்லை, அதனால் பெண்களுக்கு ஹார்மோன்தான் காரணம் என்றார்கள், சரி. ஆனால் ஷர்மர் தாள் இமைக்குள் உரசினாலே ரத்தம் கசியலாம்! எங்கள் லேபுக்கு ஒரு அம்மா பஞ்சில் கண்ணீரைத் துடைத்து எடுத்துவந்து, "இதில் கர்ப்பப்பைக் கட்டி தெரியுமா தம்பி?" என்றார். பஞ்சைத் திருப்பிக் கொடுத்தேன், அவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது. ஸ்ட்ரிப் தேடுவது ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை, ரத்தம் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லாது. ப்ளீச்சிங் பவுடர் பட்ட கையால் தொட்டாலும் நிறம் மாறும். வைட்டமின் சி மாத்திரை நிறைய போட்டால் இருக்கிற ரத்தமும் தெரியாமல் போகலாம். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள், காலாவதித் தேதி பாருங்கள், கட்டத்தை விரலால் தொடாதீர்கள். மாதவிலக்கில் சந்தேகம் இருந்தால் நேராக மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

திருச்சிக்காரி:
மணி அண்ணா, ஸ்ட்ரிப்பே வேண்டாம், எனக்கு வெளிப்படையாகவே வந்தது. விலக்கான இரண்டாம் நாள், முகம் துடைத்த வெள்ளைத் துண்டில் ரோஸ் நிறத்தில் இரண்டு கண்ணும் பதிந்திருந்தன. மாமியார் குங்குமம் கரைந்தது என்றார். நான் அன்று பொட்டே வைக்கவில்லை! கண் டாக்டர், மூக்கு டாக்டர், ஸ்கேன், எல்லாம் நார்மல். கடைசியில் ஒரு பயிற்சி மருத்துவர்தான் "தேதி எப்போம்மா?" என்று கேட்டார். 2021ல் சண்டிகரிலிருந்து இப்படி ஒரு 25 வயதுப் பெண்ணைப் பற்றி எழுதியிருந்தார்கள், ஹார்மோன் மாத்திரையில் நின்றதாம். எனக்கும் மாத்திரைதான் ஓடுகிறது. அந்தப் பெண்ணுக்கு மூக்கிலும் ரத்தம் வந்ததாம். எனக்கு அது இல்லை. இங்கே யாருக்காவது இரண்டும் சேர்ந்து வந்ததா?