கிரிகல்பொத்த ஏறியவர்கள் எழுதுங்கள்: அந்தப் புதருக்குள் என்ன நடந்தது?

பனிமூட்டம்:
இலங்கையின் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குப் போனவர்கள் எல்லாரும் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். அங்கேயே இருக்கிற கிரிகல்பொத்த மலைப் பக்கம் போனவர்கள் இருந்தால் வாருங்கள்.

பூங்கா வாசலில் தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக் கிழித்ததையும் பொலித்தீனைப் பறித்ததையும் விடுகிறேன், அது எல்லாருக்கும் நடப்பதுதான். புல்வெளி, சதுப்பு, சேறு எல்லாம் தாண்டி, குறிஞ்சி இனத்து நெலுப் புதருக்குள் தலையைக் கொடுத்தோம். முன்னால் போன நண்பனின் சிவப்புப் பைதான் எனக்கு வழி. கிளை விலகினால் பை தெரியும், மூடினால் மறையும். ஓரிடத்தில் கிளையை விலக்கினால் பை இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மரைமானின் முகம். ஈர மூக்கு கறுப்பாய் மினுங்கியது. மேலுதட்டில் ஒரு புல் ஒட்டியிருந்தது. அதன் மூச்சின் ஆவி என் கையில் பட்டது. அதுவும் அசையவில்லை, நானும் அசையவில்லை. பிறகு காது அடைக்கிற மாதிரி ஒரே ஒரு கத்தல், புதர் முறிகிற சத்தம், அவ்வளவுதான். “எங்கேயடா நிற்கிறாய்?” என்று சிவப்புப் பை இடப்பக்க மேட்டிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. நான் நின்றது மரை போட்ட பாதையில்.

உச்சியில் மூடுபனி. எழுத ஒன்றுமில்லை.

காட்டுக்கோழி:
மரைப் பாதைதான் அங்கே பெரிய வில்லங்கம், மனிதர் போட்ட பாதையைவிடத் துப்புரவாக இருக்கும்.

நாங்கள் போனது 2013இல் நெலு பூத்து ஓய்ந்த பிறகு. அது பூத்து விதை விட்டதும் பட்டுப்போகிற செடி. காய்ந்த குச்சிகள் தோளுயரத்துக்கு நின்றன, தொட்டால் ஒடிந்து முகத்தில் குத்தின. விதை பொறுக்க வந்திருந்த காட்டுக்கோழி ஒன்று காலடியிலிருந்து கிளம்பித் தோழியின் தொப்பியைத் தட்டிவிட்டுப் பறந்தது. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள், அதற்கப்பால் ஓர் அடி எடுத்துவைக்க மாட்டேன் என்றாள். எல்லாரும் திரும்பினோம். மிச்ச ஏற்றம் இன்றைக்கும் உறுத்துகிறது, அவளிடம் சொன்னதில்லை.

அளவுகோல்:
புதர் புதர் என்று எழுதிச் சனங்களைப் பயமுறுத்தாதீர்கள். பூங்காவுக்குள் இருக்கிற ஃபார் இன் என்ற பழைய விடுதிப் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 7 கிலோமீற்றர், பாதை இருக்கிறது. உயரம் 2,388 மீற்றர், நாட்டில் இரண்டாவது. முதலாவதான பிதுருதலாகலை 2,524, அதன் தலையில் தொலைக்காட்சிக் கோபுரங்கள். சிவனொளிபாதமலை 2,243தான், இதைச் சொன்னால் என் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள்.

என் அனுபவம் கோபம் மட்டும்தான். எங்களுக்கு முன்னால் போன ஒரு குழு கிளைக்குக் கிளை பிளாஸ்டிக் நாடா கட்டிவிட்டுப் போயிருந்தது. வாசலில் லேபிளைக் கிழித்தது எதற்காம்?

காட்டுக்கோழி:
அண்ணா, பாதை இருக்கிறது என்கிறீர்கள், பிறகு நாடா கட்டியிருந்தது என்கிறீர்கள். பாதை தெரிந்தால் நாடா எதற்கு?

மலையக அக்கா:
சண்டையை விடுங்கள் பிள்ளைகளே. நான் சதுப்பில் ஒரு சப்பாத்தைப் பறிகொடுத்துப் பாதியில் திரும்பியவள், அவ்வளவுதான் என் கதை. ஆனால் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஜனவரி முதல் மார்ச் வரைதான் மழை குறைவு, ஆனால் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி கிடக்கும், கையுறை கொண்டுபோங்கள், ஓடைக்கரைக் குட்டை மூங்கிலுக்கும் அது உதவும். முழுக்கைச் சட்டை போடுங்கள். டிக்கெட் எடுக்கிற இடத்திலேயே கிரிகல்பொத்தைக்குப் போகலாமா என்று கேளுங்கள், உள்ளே போய் விசாரிக்காதீர்கள். சாப்பாட்டை வாழையிலையில் கட்டுங்கள், தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் மத்தியானம் வரை கெடாது. முன்னால் போகிறவர் கிளையைப் பிடித்து மெதுவாக விடவேண்டும், சடாரென்று விட்டால் பின்னால் வருபவரின் கண் போய்விடும். ஆளுக்கொரு விசில். மெல்ல நடப்பவரை முன்னால் விடுங்கள், வாலில் விடாதீர்கள். புறப்படும்போதே திரும்புகிற நேரத்தைப் பேசி வையுங்கள், உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும் அந்த நேரத்துக்குத் திரும்பிவிடுங்கள். சிறுத்தை இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தனியே பின்தங்காதீர்கள்.

டயகமவான்:
நாங்கள் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஹோட்டன் சமவெளிக்குப் போகப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய அன்று, கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பாட்டி வழிமறித்தார். “விறகுக்கா?” என்றார். இல்லை என்றோம். “மாடு காணாமல் போச்சா?” அதுவும் இல்லை. “அப்போ மேலே என்ன இருக்குன்னு போறீங்க?” ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கடைசியில் ஒருவன் “சும்மா, பாட்டி” என்றான். அவர் எங்கள் சப்பாத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “சம்பளம் யார் தர்றது?” என்று கேட்டார்.

அளவுகோல்:
காட்டுக்கோழிக்கு: நாடா இருந்தது பாதையில் இல்லை, மரைத் தடத்தில். அதனால்தான் கோபம்.